கருப்புப் பூசணம் படிந்த டோக்காய் பாட்டில்

முப்பத்தோரு வருடம் மதுவிலக்கு வேலை பார்த்தேன். எத்தனையோ ஊறல் பானைகளை உடைத்திருக்கிறேன், லாரி டியூப்களில் நிரப்பிய சாராயத்தைத் தரையில் கொட்டியிருக்கிறேன், இரண்டு முறை கல்லடி பட்டிருக்கிறேன். அவையெல்லாம் டைரியில் தேதி போட்டு அடங்கிவிட்டன. அடங்காதது ஒன்றுதான். ஒரு பாட்டிலைக் கைக்குட்டையால் துடைத்தேன். அதை எழுத உட்கார்ந்த பிறகு மூன்று முறை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன்.

இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளையும் படிவங்களையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. ஒரு பொருளைக் கையில் எடுப்பதற்கு முன் இருக்கிற அரை நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. மாநிலத்தில் மதுவிலக்கு திரும்ப வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் எஸ்.ஐ. ஆகி எட்டாவது மாதம். திருவண்ணாமலை அப்போது தனி மாவட்டம் இல்லை. பெரிய கையெழுத்து எது வேண்டுமானாலும் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். தீபத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. கூட்டம் சேருவதற்குள் கேஸ் எண்ணிக்கை ஏற வேண்டும் என்று சர்க்கிள் இன்ஸ்பெக்டர் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் செங்கம் ரோட்டிலிருந்து ஒரு ஆள் வந்து புகார் சொன்னார். பக்கத்து வீட்டு மாடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் வாடகைக்கு இருக்கிறார்கள், ஜன்னலில் திராட்சையை அழுக வைத்து ஏதோ காய்ச்சுகிறார்கள் என்றார். காலை பத்து பத்துக்கு நானும் ஏட்டும் புறப்பட்டோம்.

ஏட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் நாலு தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பம். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஊர் முழுக்க அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனால் ஊறல் போட்டு எத்தனை நாள் ஆனது, வெல்லம் ஜாஸ்தியா, வேலம்பட்டை கம்மியா என்று பத்தடி தள்ளி நின்று சொல்லிவிடுவார். எப்படி என்று ஒருமுறை கேட்டேன். "வாய்க்குத்தான் சார் நோம்பு. மூக்குக்கு இன்னா நோம்பு?" என்றார்.

மாடி அறையில் புகார் சொன்னபடியே எல்லாம் இருந்தது. ஜன்னல் மேடையில் ஒரு முறம். அதில் பன்னீர் திராட்சை, பாதி சுருங்கி, பாதி அழுகி, ஈ மொய்த்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு ஈரத்துணி. கட்டிலில் ஒரு பெரியவர் தலையணைகளில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது என்பது அவர் முகம் திருப்பிய விதத்தில் தெரிந்தது. அவர் மனைவி, எழுபதை நெருங்கியவர், மார்த்தா என்று பெயர் சொன்னார். ஹங்கேரி நாடு. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவராம்; நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷ் பேசினார்.

பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு பாட்டில் இருந்தது. சாதாரண பாட்டிலில் பாதி அளவு. கழுத்து நீளம். லேபிள் இல்லை. அதன் மேல் முழுக்கக் கருப்பாக, தடிப்பாக, பூசணம்.

நம் தொழிலில் பூசணம் பிடித்த பாட்டில் என்றால் ஒரே அர்த்தம்தான்: புதைத்து வைத்து எடுத்தது. அழுகிய பழம் என்றால் இன்னொரு அர்த்தம். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் மூன்றாவது கேள்வி கேட்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். கையை நீட்டினேன்.

"சார், தொடாதீங்க. மொதல்ல எழுதுங்க" என்றார் பாய்.

கைப்பற்றும் பொருளை விவரித்து எழுதும் மகஜரில் எழுதினேன்: 'கழுத்து முதல் அடி வரை கருப்புப் பூசணம். வெல்வெட் துணி போல மெத்தென்று உள்ளது.'

பாய் குனிந்து முகர்ந்தார். "பொதச்ச பாட்டில்னா மண்ணு வாசன வரணும். இதுல மண்ணே இல்ல சார். அதையும் எழுதிடுங்க."

"அது எதுக்கு பாய்?"

"இல்லாததயும் எழுதணும் சார். நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க."

'மண் இல்லை' என்று ஒரு வரி சேர்த்தேன், அவருடைய வயதுக்காக. அதற்குப் பிறகுதான் அந்தத் தவறைச் செய்தேன். பெயர் தெரியாத பொருளைப் பட்டியலில் எப்படி ஏற்றுவது என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. பூசணத்துக்கு அடியில் கண்ணாடியில் ஏதாவது பொறித்திருக்குமோ? பாட்டிலை மேசைமேல் நிற்க வைத்துக் கைக்குட்டையை எடுத்து, கழுத்து, தோள், வயிறு என்று மேலிருந்து கீழாக வரிசையாகத் துடைத்தேன். எதையும் சுத்தமாகச் செய்வேன் என்று எனக்கு அப்போதே பெயர் உண்டு. எழுத்து எதுவும் இல்லை. வெறும் கண்ணாடி பளபளத்தது.

ஈரமில்லாத கண்ணாடியில் துணி கீச்சிட்ட சத்தம் கேட்டு, கட்டிலில் இருந்தவர் உரக்க ஏதோ சொன்னார். மார்த்தா அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் கீழேயிருந்து வீட்டுக்கார அம்மா ஏறி வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் குடும்பம். போலீஸ் என்றால் பயப்படுகிற ஆள் இல்லை.

"இன்னா சார் இது? திராட்ச அழுவிச்சின்னா கேஸா? எங்க வூட்ல ரெண்டு கிலோ தக்காளி அழுவிக் கெடக்குது. அதயும் புடிச்சினு போங்க, எனக்குக் குப்ப கொட்ற வேல மிச்சம்."

"இந்தம்மா, நீங்க கீழ போங்க."

"நான் ஏன் கீழ போறேன்? என் வூடு."

மார்த்தா அம்மா என் சட்டைக் கையைப் பிடித்தார். இவருக்கு அதிக நாள் இல்லை, இது இவருக்காகக் கொண்டு வந்தது, தயவுசெய்து என்றார். சோதனைக்குப் போகிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் சாகக் கிடப்பார். எட்டு மாதத்தில் அப்படி ஆறேழு பேரைப் பார்த்திருந்தேன். நான் நம்பவில்லை. பாட்டிலைக் காடாத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சர்க்கிள் அன்றைக்கே கேஸ் எழுதச் சொன்னார். பாய்தான் தடுத்தார். "அவசரம் இன்னா சார்? பாட்டிலு எழுந்து ஓடிடப் போவுதா?" மத்தியானம் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேறு ஒரு சோதனைக்குப் போக வேண்டியிருந்ததால் தள்ளிப் போட்டேன். அங்கேயும் நிலைகொள்ளவில்லை. பானையை உடைக்கும்போதும் அந்தக் கீச்சுச் சத்தம் காதில் இருந்தது.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வீட்டுக்கார அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். பின்னால் மார்த்தா அம்மா. மேசைமேல் டாக்டர் சீட்டை வைத்தார்.

"படிங்க சார். நாள் கணக்கு சொல்ல முடியாது, மணிக் கணக்கு வேணா சொல்றேன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தத் தாத்தா ராத்திரியெல்லாம் கையக் கையத் துழாவறாரு. பாட்டிலத் தேடறாருன்னு இந்தம்மா அழுவுது. நீங்க நல்லா இருப்பீங்களா?"

சீட்டைப் படித்தேன். எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். என் முன்னால் இரண்டு வழி இருந்தது. கேஸ் எழுதிவிட்டால் பாட்டில் கோர்ட்டு வழியாகத்தான் திரும்பும். அதற்கு வாரங்கள் ஆகும். கேஸ் எழுதாமல், வேலூரில் மேலதிகாரியிடம் போய், இது உள்ளூர்ச் சரக்கு இல்லை, அவர்கள் நாட்டிலிருந்து கொண்டு வந்தது என்று அவரை ஒப்புக்கொள்ள வைத்தால், வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கிற பெர்மிட்டைக் கையோடு வாங்கி, பாட்டிலை மாலைக்குள் திருப்பித் தரலாம். விண்ணப்பத்தில் மார்த்தா அம்மா நேரில் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கணவரை விட்டுவிட்டு என்னோடு வர வேண்டும்.

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க மார்த்தாம்மா" என்று வீட்டுக்கார அம்மா தமிழிலேயே சொல்லி அவரைத் தள்ளினார். அவருக்குப் புரிந்தது.

சர்க்கிளை என்ன செய்வது என்று பாயைப் பார்த்தேன். "நான் சமாளிக்கறேன் சார். பஸ்ஸப் புடிங்க."

ஒன்பது இருபது பஸ். பாட்டில் என் மடியில். மார்த்தா அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பேசினால் நேரம் போகும் என்றோ, பேசாவிட்டால் அழுகை வரும் என்றோ, அவராகவே சொல்ல ஆரம்பித்தார். டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டேன்.

அவர்கள் ஊர் டோக்காய். சமவெளியில் தனியாக ஒரு மலை, ஒரு காலத்தில் நெருப்பைக் கக்கிய எரிமலை. இந்த ஊர் மலையின் படத்தை யாரோ காட்டியபோது கணவர் அதையே வெகுநேரம் கண்ணருகில் வைத்துப் பார்த்தாராம். பார்வை முழுதாகப் போவதற்குள் போக வேண்டும் என்று பிடிவாதம். அவர்கள் மலையடியில் இரண்டு ஆறு சேருகிறது. இலையுதிர் காலத்தில் காலையில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து கொடிகளை மூடும். மத்தியானம் வெயில் வந்து துவட்டும். பனியில் திராட்சைமேல் ஒரு பூசணம் பிடிக்கும், வெயிலில் பழம் சுருங்கும். பனி மட்டும் இருந்தால் அழுகிப் போகும். வெயில் மட்டும் இருந்தால் வெறும் காய்ந்த திராட்சை. இரண்டும் மாறி மாறி வந்தால்தான் அவர்கள் 'அசூ' என்று சொல்லுகிற பழம் கிடைக்கும். அதைக் குலையாகப் பறிப்பதில்லை. ஒவ்வொரு பழமாக விரலால் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். முதுகில் மரக்கூடை. ஒரு பீப்பாய்க்கு எத்தனை கூடை போட்டார்கள் என்பதுதான் மதுவின் தரம்: மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

"ஜன்னலில் இருந்த திராட்சை?" என்று கேட்டேன்.

முதல் தடவையாகச் சிரித்தார். "அது அவருடைய பைத்தியம். இங்கேயும் மலை இருக்கிறது, மழை இருக்கிறது, வருமா பார்ப்போம் என்றார். காலையில் ஈரத்துணி போடு, மத்தியானம் எடு என்று என்னை வேலை வாங்கினார். ஈதான் வந்தது. பிறகு நீங்கள் வந்தீர்கள்."

போளூர் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. பதினேழு நிமிடம். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி கேட் வரை நடந்து, திரும்பி, மறுபடி நடந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பாட்டிலில் இருப்பது அந்த ஆறு கூடை மதுவா என்று கேட்டேன். இல்லை என்றார். அசூ பழங்களைத் தொட்டியில் குவித்து வைத்தால், யாரும் மிதிக்காமல், பிழியாமல், தங்கள் பாரத்தாலேயே சொட்டுச் சொட்டாகக் கசியும். அதைத் தனியாக எடுத்து வைப்பார்கள். தேன் போல இருப்பதால் அது புளிக்கவே வருடக்கணக்கில் ஆகும். போதை மிகக் குறைவு. டம்ளரில் குடிப்பதில்லை, ஸ்பூனில்தான். அவர்கள் பக்கத்தில் சாகக் கிடப்பவர் நாக்கில் ஒரு ஸ்பூன் வைப்பது வழக்கம். கணவருடைய தாத்தாவுக்கு அப்பா வைத்தார். அப்பாவுக்கு இவர் வைத்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, மலையைக் குடைந்த நிலவறையில் ஒரு சுவருக்குப் பின்னால் அப்பா ஒளித்து வைத்த பாட்டில்களில் இதுதான் கடைசி.

நான் எழுதுவதை நிறுத்தினேன். மூன்று நாளில் புளிக்க வைத்து நாலாவது நாள் காய்ச்சுகிறவர்களைப் பிடிக்கிற வேலை எனக்கு. ஒருவர் சாவதற்கென்று அப்பா எடுத்து வைத்த பாட்டில் என் மடியில் இருந்தது.

"அந்தப் பூசணம்?"

"நிலவறையின் சுவர் முழுக்க அதுதான். மதுவின் ஆவியைத் தின்று வளரும். பாட்டில் அசையாமல் தூங்கினால்தான் அந்தப் போர்வை வரும். எங்களுக்கு லேபிள் அதுதான்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த லேபிளைத்தான் நான் துடைத்திருந்தேன்.

கண்ணமங்கலம் வருவதற்குள் மனதில் ஒரு வாக்கியம் தயார் செய்துவிட்டேன்: 'எடுத்து வரும் வழியில் பூசணம் உதிர்ந்துவிட்டது.' அதை உள்ளுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வேலூரில் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்கள். வராந்தாவில் எத்தனை தூண் என்று இன்றைக்கும் சொல்லுவேன். பதினொன்று. மேலதிகாரி துணியைப் பிரித்துப் பாட்டிலை மேசைமேல் நிறுத்தினார். மகஜரைப் படித்தார்.

"கருப்புப் பூசணம்னு எழுதியிருக்கே. எங்கய்யா பூசணம்? பளிச்சுனு பிராந்தி பாட்டில் மாதிரி இருக்குது. இங்கயே காய்ச்சி ஊத்தினது இல்லன்னு என்ன அத்தாட்சி?"

தயார் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் மார்த்தா அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் தொடச்சிட்டேன் சார்."

"என்னது?"

"லேபிள் இருக்கான்னு பாக்கறதுக்காக நானே கைக்குட்டையால தொடச்சிட்டேன். அதுதான் அத்தாட்சின்னு அப்பத் தெரியல."

"எழுதிக் குடுப்பியா?"

நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அவர் அதையும் மகஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உதிர்ந்து போச்சுன்னு சொல்லியிருந்தீன்னா வந்த வழியே திருப்பி அனுப்பிச்சிருப்பேன். அத்தாட்சிய நானே அழிச்சேன்னு எந்த எஸ்.ஐ.யும் பொய் சொல்ல மாட்டான். 'மண் இல்லை'ன்னு யாரு எழுதச் சொன்னது?"

"ஏட்டு சார்."

"அவரக் கேட்டுக் கேட்டு வேல செய்."

இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். ஒன்று பெர்மிட். இன்னொன்று எனக்கு மெமோ. அந்த மெமோவால் என் பதவி உயர்வு தள்ளிப் போனது. அது எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. அந்த அரை நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பொருளைப் பார்த்ததும் கை தானாக நீளும். நீட்டாதீர்கள். இருப்பதை எழுதுங்கள், இல்லாததையும் எழுதுங்கள். அப்படியும் தவறினால், தவறியதை அதே கையால் எழுதிக் கொடுங்கள்.

மூன்று பத்துக்குப் பஸ். வழியெல்லாம் மழை. ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது செங்கம் ரோட்டில் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினோம். வாசலில் பாய் குடையோடு நின்றிருந்தார்.

"இருக்காரு சார். சர்க்கிள் ரெண்டு தபா கேட்டாரு. வெளிநாட்டுக் கேஸு, பெரிய எடத்துல கேக்காம கை வெச்சா வம்புன்னு சொல்லிட்டேன். கம்முனு ஆயிட்டாரு."

மாடியில் வீட்டுக்கார அம்மா பெரியவரின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். மார்த்தா அம்மா பாட்டிலை அவர் கையில் வைத்தார். அவர் விரல்கள் கழுத்திலிருந்து இறங்கின. தோளில் நின்றன. வயிற்றில் மேலும் கீழும் ஓடின. தலையை அசைத்தார். ஏதோ சொன்னார்.

"தன்னுடையது இல்லை என்கிறார்" என்றார் மார்த்தா அம்மா. "மாற்றிவிட்டார்கள் என்கிறார்."

"நான் துடைத்துவிட்டேன் என்று சொல்லுங்கள்."

சொன்னார். அவர் நம்பவில்லை. அதை யார் துடைப்பார்கள் என்று கேட்டாராம்.

"ஐயோ, இம்மாந் தூரம் போயி வாங்கினு வந்து..." என்று வீட்டுக்கார அம்மா தொடங்கி, நிறுத்திக்கொண்டார். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. ஜன்னலுக்குப் போனேன். முறம் காலியாக இருந்தது.

பெரியவர் பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தள்ளினார். தள்ளும்போது அது சாய்ந்தது. பிடிப்பதற்கு அவர் கை அடிப்பக்கம் போனது. அந்தப் பாட்டிலின் அடி உள்ளே குழிந்திருந்தது. நிற்க வைத்துத் துடைத்த நான் அந்தக் குழியைப் பார்க்கவே இல்லை. வேலூரிலும் யாரும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

அவர் கட்டைவிரல் குழிக்குள் போய் நின்றது. மெதுவாகச் சுற்றியது. மறுபடி சுற்றியது. கருப்புப் பூசணம் ஒட்டிய விரலை எடுத்து மூக்கருகில் கொண்டு போனார். பிறகு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். மார்த்தா அம்மா அதை எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மருந்து ஸ்பூனில்தான் ஊற்றினார்கள். வெல்லப்பாகு நிறம். அவசரமே இல்லாமல் இறங்கியது. அவர் அதை வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். பிறகு பேசினார். "அந்த வருடம் பனி தாமதம், அப்பா கடைசி வரை பறிக்க விடவில்லை என்கிறார்" என்றார் மார்த்தா அம்மா. எனக்கும் ஒரு ஸ்பூன் நீட்டினார். சீருடையில் இருந்தேன், வேண்டாம் என்றேன். பாய் மட்டும் ஸ்பூனருகில் குனிந்து கண்ணை மூடி முகர்ந்தார்.

"இன்னா பாய்?"

"காஞ்ச திராட்ச. தேனு. இன்னும் ஒண்ணு இருக்குது, பேரு தெரியல சார்." கொஞ்சம் யோசித்தார். "மண்ணு மட்டும் இல்ல."

மறுநாள் காலை ஏழேகாலுக்குப் பெரியவர் போய்விட்டார். நானும் பாயும் போயிருந்தோம். குளிப்பாட்டியபோது வீட்டுக்கார அம்மா ஈரத்துணியால் அவர் கையைத் துடைக்கப் போனார். கட்டைவிரலில் கருப்பு அப்படியே ஒட்டியிருந்தது. மார்த்தா அம்மா அந்த விரலை மட்டும் தன் கைக்குள் மூடிக்கொண்டார். துடைக்க விடவில்லை.